எல்வீராவின் வண்டி குளிர்ந்த நாள்

பம்பை நிறுத்திய பிறகும் அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசைந்தது.

அம்பாரோ கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். வண்டியின் ஏசி குழாய்களில் இருந்த காற்று முழுவதையும் பம்ப் உறிஞ்சி எடுத்தாயிற்று. வால்வையும் மூடியாயிற்று. எங்கும் ஓட்டை இல்லையென்றால் முள் அடிமட்டத்தில் அசையாமல் கிடக்கவேண்டும். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகப் புக மெல்ல ஏறும். ஏறியது தானாக இறங்காது. இந்த முள் கொஞ்சம் ஏறியது, நின்றது, இறங்கியது. மறுபடி ஏறியது.

தூங்குகிற ஒருத்தியின் மார்பு மாதிரி.

கேஜ் கெட்டுவிட்டது என்று வேறொன்றை எடுத்து மாட்டினாள். அதுவும் அப்படியே ஏறி இறங்கியது. ஜூலை மாதத்து மத்தியானம். பாலைவனத்து யூமா நகரத்துத் தெருக்களில் ஒரு நாய்கூட இல்லை. கூரைகளின் மேல் குளிர்விப்பான்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. விமானப் படைத்தளத்திலிருந்து கிளம்பிய ஜெட் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த இரைச்சல் அடங்கியபோதுதான் அம்பாரோ கவனித்தாள், தன் மூச்சும் அந்த முள்ளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சட்டென்று மூச்சைப் பிடித்தாள்.

முள்ளும் நின்றது.

குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது அவள் தங்கை எல்வீராவின் வண்டி. பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் மர நிறப் பட்டை ஒட்டிய நீளமான பழைய ஸ்டேஷன் வேகன். போன கோடையில் எல்வீரா செத்துப்போனது அதன் முன் சீட்டில்தான். நரம்பு நோய்க்காரி. கைத்தாங்கி இல்லாமல் நடக்க முடியாது. அதிலும் வெயில் பட்டால் கையும் காலும் மெழுகாகிவிடும், ஒரு கரண்டியைக்கூடத் தூக்க வராது. பாலைவனச் சாலையில் வண்டி சூடேறி நின்றுவிட்டது, ஏசியும் போய்விட்டது, உதவி தேடி நான் நடந்துபோனேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் புருஷன் ரமீரோ போலீசிடம் சொன்னான். அழுதான். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த ரமீரோதான் போன வாரம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து அம்பாரோவின் வாசலில் விட்டான்.

"ஏசிய மட்டும் சரி பண்ணிக் குடு மதினி. பழைய ஏசி கேஸு இப்ப கடையில கெடைக்கறதில்ல, புதுசுக்கு மாத்தணுமாம். கடைக்காரனுங்க ஆளுக்கொரு கதை சொல்றானுங்க. நீதான் லெட்டூஸ் கீரைய ஐஸ்ல வைக்கிற ஷெட்டுல பெரிய பெரிய குளிர் மெஷினையே மேய்க்கிறவளாச்சே."

"இந்த வண்டிய இன்னும் வச்சிருக்கியா?"

"வண்டி என்ன பாவம் பண்ணிச்சு? எஞ்சின் தங்கமாட்டம் ஓடுது. மாரிபெல்லுக்கு வேலைக்குப் போக ஒரு வண்டி வேணும்."

மாரிபெல் யார் என்று அம்பாரோ கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். எல்வீரா இருக்கும்போதே தெரியும். துடைப்பத்தை எடுத்து அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவள் முடியாது என்றால் எவனோ ஒருவன் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு அந்த வண்டியைப் பிரிப்பான். அதை நினைத்ததும் சாவியை வாங்கிக்கொண்டாள். கீரை சீசன் முடிந்து ஷெட் மூடிக் கிடந்த நாட்கள். வேறு வேலையும் இல்லை.

முள் மூச்சு விட்ட மறுநாள், காலையிலேயே வேலையைத் தொடங்கினாள். வெளிச்சத்தில் பயம் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. சூட்டில் கேஜ் ஆடியிருக்கும். அவ்வளவுதான்.

கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்தாள், பழைய எண்ணெயை வடிக்க. புதிய வாயுவுக்குப் பழைய எண்ணெய் ஒத்துவராது, சொட்டு விடாமல் எடுக்கவேண்டும். எண்ணெய் தட்டில் விழுந்தது. அதிலிருந்து வந்தது எண்ணெய் வாடை இல்லை. யூகலிப்டஸ் தைல வாடை. எல்வீரா ராத்திரி ராத்திரி காலில் தேய்த்துக்கொண்ட தைலம். அந்த வாடை கூரைப் பந்தலின் அடியில், சூடான தாருக்கும் பெட்ரோலுக்கும் நடுவில், ஒரு ஆள் வந்து நிற்பதுபோல வந்து நின்றது. அம்பாரோ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. தட்டை அப்படியே கொண்டுபோய் டப்பாவில் ஊற்றி மூடினாள்.

பிறகு கண்ணாடி. முன் சீட்டின் பக்கத்துக் கண்ணாடியில், உள்புறம், அடிவிளிம்பை ஒட்டி நாலு விரல் தடம். துடைத்தாள். வேலை முடித்துக் கை கழுவ வந்தபோது மறுபடி இருந்தது. அதே இடத்தில், அதே உயரத்தில். ஏன் இவ்வளவு கீழே என்று யோசித்தாள். கையை அதற்குமேல் தூக்க முடியாதவளின் விரல்கள் அவை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த மூடியைத் திறந்தாள்.

ஏசி குழாயில் வாயு ஏற்றுவதற்கு இரண்டு வாய்கள் உண்டு. சைக்கிள் டியூபில் இருப்பதுபோல ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன வால்வு ஊசி இருக்கும். அதுதான் உள்ளே இருப்பதை வெளியே விடாமல் பிடித்துவைப்பது. புதிய வாயுவுக்கான இணைப்பை மாட்டுவதற்காக அம்பாரோ இரண்டாவது வாயின் மூடியைத் திருகினாள். யாரோ குறடு போட்டு முறுக்கியிருந்தார்கள். திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

உள்ளே ஊசி இல்லை.

தரையில் தேடினாள். எஞ்சினுக்கடியில் தேடினாள். தேடும்போதே தெரிந்துவிட்டது. அது தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை. அதற்கென்று இருக்கும் சின்னத் திருகியை நுழைத்துத் திருப்பினால்தான் வரும். வந்தால் உள்ளிருக்கும் வாயு முழுவதும் ஒரே சீறலில் வெளியே பாயும். பாய்கிற இடத்தில் விரல் இருந்தால் தோல் உறைந்து வெந்துபோகும். ஷெட்டில் அப்படி வெந்த விரல்களை அவள் பார்த்திருக்கிறாள்.

இந்த வண்டியில் கசிவே இல்லை. யாரோ ஏசியின் உயிரைப் பிடுங்கிவிட்டு மூடியை இறுக்கியிருக்கிறார்கள். பிறகு எல்வீராவை ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அடக்கத்தின்போது ரமீரோவின் கட்டைவிரலில் கட்டு இருந்தது. ரேடியேட்டர் சுட்டுவிட்டது என்று எல்லோரிடமும் காட்டினான். கிழவிகள் "ஐயோ பாவம், பொண்டாட்டியக் காப்பாத்தப் பாத்திருக்கான்" என்றார்கள்.

அம்பாரோ சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கியும் தரை தோசைக்கல்லாய்ச் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

எதிர்வீட்டு டென்ச்சா ஒரு பாத்திரத்தில் பீன்ஸும் நாலு ரொட்டியும் மூடிக்கொண்டு வந்தாள். விதவை, வாய் ஓயாது. தோழியின் முகத்தைப் பார்த்ததும் அது ஓய்ந்தது. அம்பாரோ எல்லாவற்றையும் சொன்னாள், ஊசியை மட்டுமல்ல, முள்ளையும் விரலையும்கூட.

"போலீசுக்குப் போவோம்டி," என்றாள் டென்ச்சா.

"என்னன்னு சொல்றது? ஒரு ஊசியக் காணோம்னா? கடையில எவனோ எடுத்துட்டான்னு அவன் சொல்லிட்டுப் போயிருவான்."

டென்ச்சா வண்டியைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. "அப்ப ஒண்ணு பண்ணு. ரிப்பேராகாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிரு. எல்வீரா அதுக்குள்ள இருக்கான்னா, இருந்துட்டுப் போறா. அவளுக்கு நீ கை கால் முளைக்க வைக்காத."

"என் தங்கச்சி எனக்கு என்ன செய்யப் போறா?"

"செத்தவங்களுக்கு அக்கா தங்கச்சி கெடையாதுடி. பசி மட்டும்தான் இருக்கும்."

"சும்மா இரு. அவளப் பத்தி அப்படிப் பேசாத."

டென்ச்சா பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது வண்டியைச் சுற்றிக்கொண்டு, தெருவின் மறு ஓரமாகப் போனாள்.

அதற்குப் பிறகு அம்பாரோவின் வேலை வேறு மாதிரி ஆனது. ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். குழாய்களைக் கழுவினாள். ஈரம் உறிஞ்சும் உருளையைப் புதிதாகப் போட்டாள். புதிய எண்ணெயை அளந்து விட்டாள். கடைசியாக அந்த வாய்க்குள் ஒரு புதிய ஊசியை வைத்து, பூ வைப்பதுபோல மெதுவாக, இறுக்கினாள். பயம் போகவில்லை. அதன் அடியில் வேறொன்று சூடேறிக்கொண்டிருந்தது. குனிந்து வேலை செய்யும்போது உள்ளே சீட்டு ஸ்பிரிங் முனகும், யாரோ உட்காரும் இடத்தைச் சரிசெய்துகொள்வதுபோல. இப்போது அவள் ஓடவில்லை. "பொறுடி," என்றாள். "முடியப் போகுது."

வாயு ஏற்றிய நாள் முற்பகலிலேயே காற்று கொதித்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, சின்ன டப்பாக்களிலிருந்து புதிய வாயுவை உள்ளே விட்டாள். டக் என்று கம்ப்ரஸர் பிடித்தது. குழாயின் மேல் வியர்வை மணிகள் அரும்பின. அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தாள்.

முதலில் வெறும் காற்று. பிறகு குளிர்ச்சி. பிறகு தைல வாடை.

அப்புறம் குளிர். புதிய வாயுவுக்கு மாற்றிய வண்டி பழைய அளவுக்குக் குளிராது, எல்லா மெக்கானிக்கும் சொல்வது. இது குளிர்ந்தது. ஷெட்டின் உறை அறைக்குள் நிற்பதுபோலக் குளிர்ந்தது. வியர்வை முதுகில் ஊசியாகக் குத்தியது. பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நெறிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்; தண்ணீர் வெள்ளையாக இறுகிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கக் கை நீட்டினாள். நாலு கதவின் பூட்டுக் குமிழ்களும் ஒன்றாக உள்ளே இறங்கின.

டப்.

பக்கத்துச் சீட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டின் ரெக்சின் மெல்லப் பள்ளமாயிற்று. ஒரு உடம்பின் அளவுக்கு.

"எல்வீரா." பல் கிட்டித்தது. "எல்வீரா, நான்தான்டி. அக்காடி."

பள்ளம் அவள் பக்கமாகச் சாய்ந்தது. காதோரம் ஒரு சில்லிப்பு வந்து நின்றது, முகர்ந்து பார்ப்பதுபோல. பிறகு, நெடுநேரம் கழித்து, குமிழ்கள் மேலே எழுந்தன. அம்பாரோ வெயிலில் விழுந்து கிடந்து, கொதிக்கும் சிமென்டைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பயத்தில் மட்டுமல்ல. என்னைத் தெரிந்துகொண்டாள். விட்டுவிட்டாள். யாரை விடவேண்டும், யாரை விடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்து போய் ரமீரோவுக்குப் போன் போட்டாள்.

"ரெடி. வந்து எடுத்துக்க."

"அதுக்குள்ளயா! குளிருதா?"

"உனக்குன்னே குளிருது."

அவன் மத்தியானம் வந்தான். தனியாக வரவில்லை. அவனுடைய பிக்கப்பிலிருந்து மாரிபெல்லும் இறங்கினாள். அம்பாரோ இதை எதிர்பார்க்கவில்லை. சின்னப் பெண், இருபத்தைந்துகூட இருக்காது. பூப்போட்ட கவுனுக்கடியில் வயிறு லேசாக மேடிட்டிருந்தது. முகம் முழுக்கக் கூச்சம். அவள் தலையைத் திருப்பியபோது காதில் தங்கக் கம்பியில் பின்னிய தொங்கட்டான்கள் ஆடின. அம்பாரோவுக்குத் தெரிந்த தொங்கட்டான்கள். எல்வீராவின் கல்யாணத்துக்கு அம்மா போட்டவை.

மாரிபெல் அவள் பார்வையைக் கண்டு காதைத் தொட்டாள். "ரமீரோ குடுத்தாரு அக்கா... அவரோட அம்மாவுதாம்."

அம்பாரோ அவள் முகத்தைப் பார்த்தாள். பொய்யில் இவளுக்குப் பங்கில்லை என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"என்ன மதினி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வா, மூணு பேருமா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்," என்று ரமீரோ கையை நீட்டினான், சாவிக்கு. கட்டைவிரல் நுனியில் வெள்ளையாக, பளபளவென்று ஒரு தழும்பு. சூடு பட்ட தழும்பு இல்லை அது.

மாரிபெல் அதற்குள் வண்டியின் முன்கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.

"நீ வேண்டாம்மா." அம்பாரோ பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "வயித்துப்புள்ளக்காரி இந்த வெயில்ல எங்க சுத்துற? உள்ள வந்து உக்காரு. செம்பருத்திப் பூ சர்பத் போட்டு வச்சிருக்கேன்."

"போயேன்," என்றான் ரமீரோ. "எம் மதினி சிரிச்சு உபசரிக்கிறது அதிசயம். விட்டுராத."

சமையலறையில் மாரிபெல்லை நாற்காலியில் உட்காரவைத்து, கிளாசில் ஊற்றிக் கொடுத்து, "நான் வர்றவரைக்கும் வெளிய வராத கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்பாரோ வலைக்கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். ரமீரோவிடம் ஒரு சாவியைத்தான் கொடுத்திருந்தாள்; வண்டியின் இன்னொரு சாவி அவள் கவுன் பையில் இருந்தது.

ரமீரோ எஞ்சினைக் கிளப்பியிருந்தான். கண்ணாடிகள் மேலே ஏறின. உள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். சட்டைக் காலரை விரித்துக் காற்று வாங்கினான். சுகமாக இருந்திருக்கவேண்டும். கண்ணை மூடினான்.

குமிழ்கள் இறங்கின.

அவன் கண்ணைத் திறந்து பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். அம்பாரோவுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. அவன் முகம் அதைச் சொன்னது. வாய் கோணிக்கொண்டு ஒரு பெயரைச் சொல்வது கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. கதவைத் தோளால் இடித்தான். சாவியைத் திருகிப் பிடுங்கினான். சாவி அவன் கையில். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

"அம்பாரோ! தெற! ஏய், தெற!"

அவள் பைக்குள் கையை விட்டாள். சாவி விரலுக்குள் வந்தது. விரல்கள் மூடிக்கொண்டன. கை வெளியே வரவில்லை.

"அந்த ஊசி எங்க ரமீரோ?" என்றாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

அவனுக்குக் கேட்டது. அல்லது உள்ளே வேறு யாரோ அதையே கேட்டார்கள். கையைக் கூப்பினான். கண்ணாடியின் ஓரங்களிலிருந்து வெள்ளை படர்ந்தது. உறைபனி. வெளியே காக்கை நிழலுக்கு அலையும் வெயில், உள்ளே உறைபனி. இலை இலையாக, சரிகை சரிகையாக. அவன் முகம் மங்கியது. கை மட்டும். கண்ணாடியில் அறைந்த கை. ஒட்டிக்கொண்டது. பிய்த்தான். தோல் ஒட்டியபடி நின்றது. மறுபடி அறைந்தான். கொஞ்சம் கீழே. இன்னும் கீழே. கடைசியில் அடிவிளிம்பில்.

பிறகு அசையவில்லை.

எஞ்சின் தானாக நின்றது. தெருவில் குளிர்விப்பான்களின் முனகல் மட்டும். தன் வாய் விரிந்திருப்பதை அம்பாரோ உணர்ந்தாள். சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன்னைப் பார்த்தே குலை நடுங்கியது.

"முடிஞ்சுதுடி," என்றாள். "போய்ப் படு. நிம்மதியாப் போ."

பக்கத்துச் சீட்டின் கதவு திறந்தது.

வெள்ளைப் புகை தரையோடு தரையாக வழிந்தது. சிமென்டில் ஒரு கால் தடம் விழுந்தது. உறைபனியால் ஆன தடம். பிறகு இன்னொன்று, நீளமாக, இழுத்த தடம். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து. கைத்தாங்கி இல்லாமல். யாருடைய துணையும் இல்லாமல். அவளை நோக்கி வந்தது.

அம்பாரோ கைகளை விரித்தாள். "வாடி."

தடங்கள் அவளைக் கடந்து போயின.

பக்கத்தில் போனபோது அந்தச் சில்லிப்பு நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை. அக்கா என்று ஒருத்தி அங்கே நிற்பது தெரிந்ததாகவே இல்லை. ஊன்றி, இழுத்து. சமையலறைப் பக்கம்.

"எல்வீரா! அவ இல்லடி! அவளுக்கு ஒண்ணும் தெரியாது! வயித்துல புள்ள இருக்குடி!"

வலைக்கதவு திறந்து மூடியது.

ஓடினாள். தடங்கள் இருந்த இடத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, கதவைப் பிடித்தாள். கைப்பிடி விரலைக் கடித்தது. உறைந்து இறுகிக் கிடந்தது, அசையவில்லை. கம்பி வலையின் கட்டங்களில் பனி அடைத்துக்கொண்டே வந்தது. அடையாத ஓரிடத்தில் கண்ணை வைத்தாள்.

மாரிபெல் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கிளாசில் சிவப்புச் சர்பத் கட்டியாக நின்றது. கண்கள் திறந்திருந்தன. ஒரு கை வயிற்றின் மேல். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, காதிலிருந்து எதையோ கழற்றுவதற்கு வசதியாகச் சாய்த்துக்கொடுப்பதுபோல. மேஜையின் மேல் ஒரு தொங்கட்டான் ஏற்கெனவே கிடந்தது. வெள்ளை பூத்து.

"கண்ணு," என்றாள் அம்பாரோ. "மாரிபெல்."

அவள் வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத விரல்கள் அந்த மோவாயைப் பிடித்து, அவசரமே இல்லாமல், தலையை மறுபக்கம் திருப்பின.